மகளின் பிளாக் தேறுமா? ஒரு தகப்பனாருக்குப் பதில்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஒன்று, உங்கள் மகளின் வலைப்பூவுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 38 பார்வைகள். இன்னொன்று, ஒன்றரை வருஷமாக எழுதியும் வருமானம் பூஜ்யம். நுண்ணுயிரியல் இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண் வாரக் கடைசி முழுவதையும் இதில் போடுகிறாளே, இது தேறுமா தேறாதா, ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமில்லை இது. அந்த இரண்டு எண்களை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்று இப்போதைக்குக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலில் அந்த 38. அது 38 பேர் அல்ல, 38 பார்வை. ஒரே ஆள் பக்கத்தை மூன்று முறை திறந்தால் அது மூன்று. உங்கள் மகள் எழுத்துப்பிழை திருத்தப் போய்ப் போய்ப் பார்த்ததும் அதில் சேர்ந்திருக்கலாம். 'என் பார்வையைக் கணக்கில் சேர்க்காதே' என்று பிளாகரில் (கூகுளின் வலைப்பூச் சேவை) ஒரு வசதி உண்டு. பலருக்கு அது இருப்பதே தெரியாது. நீங்கள் தினமும் ராத்திரி எட்டிப் பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதுவும் அந்த எண்ணில் இருக்கும்! கூகுள் அனலிடிக்ஸ் மாதிரியான கருவி கொஞ்சம் நாணயமாகக் கணக்குச் சொல்லும் என்றாலும், அதற்கும் ஆளைத் தெரியாது. ஒருவர் போனிலும் கணினியிலும் படித்தால் பெரும்பாலும் இரண்டு பேர் என்றுதான் எண்ணும். விளம்பரத் தடுப்பான் வைத்திருப்பவர்களில் பலர் கணக்கிலேயே வர மாட்டார்கள். ஆக, அந்த எண்ணைத் தோராயமான போக்கு பார்க்க வைத்துக்கொள்ளலாம், மதிப்பெண்ணாக வைத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது பணம். நம் பக்கத்தில் விளம்பரம் போட்டு அதற்குக் காசு தருகிற கூகுள் ஆட்சென்ஸ் 2003இல் வந்தது. எழுதினால் விளம்பரக் காசு வரும் என்ற எண்ணம் சாதாரண ஆட்களிடமும் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம். அந்தக் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் பார்வைக்கு 2 டாலர் கிடைக்கிறது என்று சும்மா வைத்துக்கொள்ளுங்கள். தினம் 38 என்றால் மாதம் 1,140 பார்வை, அதற்கு இரண்டேகால் டாலர் சொச்சம். டாலர் கணக்கு வைத்திருப்பவருக்கு 100 டாலர் சேர்ந்தால்தான் ஆட்சென்ஸ் பணத்தை அனுப்பும். அந்த நூறைத் தொட மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் உங்கள் மகள் முதுகலையே முடித்திருப்பாள். பார்வை பத்து மடங்கு கூடினாலும் மாதத்துக்கு 23 டாலர்தான். விளம்பர வருமானம் என்பது பெரும் கூட்டத்தை வைத்து நடக்கிற தொழில். மாணவர் ஒருவர் துறை சார்ந்து எழுதும் வலைப்பூவை அந்தக் கோலால் அளந்தால் அது எப்போதும் தோற்றுக்கொண்டேதான் இருக்கும். சந்தேகமே வேண்டாம்.

சரி, அப்படியென்றால் எதை வைத்து அளப்பது? அந்தப் பெண் எதற்காக எழுதுகிறாள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. பதிவர்களில் பல ரகம். காசுக்காக எழுதுகிறவர் உண்டு, தன் தொழிலுக்கு ஆள் பிடிக்க எழுதுகிறவர் உண்டு, படித்ததைத் தனக்கே தெளிவாக்கிக்கொள்ள எழுதுகிறவர் உண்டு, ஒத்த ரசனைக்காரர் பத்துப் பேரோடு பேசிக்கொண்டிருக்க எழுதுகிறவரும் உண்டு. தோட்டக்கலை ஆலோசகர் ஒருவருக்கு மாதம் 200 பேர் மட்டும் படித்து, அதில் நான்கு பேர் வேலைக்கு அழைத்தால் அவர் வலைப்பூ அமோக வெற்றி. அதே 200 விளம்பரத்தை நம்பியிருப்பவருக்குப் பட்டினி. உங்கள் மகளிடம் இதைக் கேட்டீர்களா என்று உங்கள் கடிதத்தில் தேடிப் பார்த்தேன், இல்லை. கேளுங்கள். "எதுக்கு இந்த வேலை" என்கிற தொனியில் வேண்டாம். "அடுத்த ஆறு மாதத்தில் இதனால் என்ன நடந்தால் உனக்குத் திருப்தி?" என்று கேட்டு, அவளையே நாலு வரி எழுதித் தரச் சொல்லுங்கள்.

நீங்கள் அனுப்பிய சர்ச் கன்சோல் (ஒரு பக்கம் கூகுள் தேடலில் எந்தச் சொற்களுக்கு, எத்தனை முறை தோன்றியது என்று காட்டும் கருவி), அனலிடிக்ஸ் படங்களைப் பார்த்தேன். நீங்கள் அதில் கவலைப்பட்ட இடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. அவளுடைய இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஒன்று, பரீட்சை பயம் பற்றிய கிண்டல் பதிவு. வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி ஒரே நாளில் 900 பார்வை. அனலிடிக்ஸில் அதற்குச் சராசரி ஈடுபாட்டு நேரம் 6 விநாடி என்று இருக்கிறது. ஒருவர் ஒரே பக்கத்தை மட்டும் திறந்து 10 விநாடிகூடத் தங்கவில்லை என்றால் அந்த வருகையை ஈடுபாடுள்ளது என்றே அந்தக் கருவி பொதுவாகச் சேர்ப்பதில்லை. வந்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். மறுவாரம் அந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் மூன்று பேர்.

இன்னொன்று, பாக்டீரியாவைச் சாயமேற்றி இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயமேற்றலில் எல்லாமே சிவப்பாக வருவது ஏன் என்ற பதிவு. ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884இல் வெளியிட்ட முறை அது, இன்றைக்கும் நுண்ணுயிரியல் மாணவர்கள் ஆரம்பத்திலேயே கற்றுக்கொள்கிற செய்முறை. ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், கடைசியில் சிவப்புச் சாயம். ஆல்கஹாலைக் கொஞ்சம் அதிக நேரம் விட்டால் ஊதாவாக நிற்க வேண்டிய ('கிராம் பாசிட்டிவ்') பாக்டீரியாவும் வெளுத்துச் சிவப்பாகிவிடும். பழைய கல்ச்சரை (வளர்த்து வைத்த பாக்டீரியாவை) எடுத்தாலும் அப்படி ஆகலாம். இதைத் தான் எடுத்த நுண்ணோக்கிப் படங்களோடு விளக்கியிருக்கிறாள். மூன்று மாதத்தில் இந்தப் பக்கம் கூகுள் தேடலில் 612 முறை தோன்றி, 41 பேர் சொடுக்கி உள்ளே வந்திருக்கிறார்கள். அவர்கள் தேடிய சொற்களைப் பாருங்கள்: 'கிராம் பாசிட்டிவ் பிங்க் கலர் ஏன்', 'கிராம் ஸ்டெயினிங் ஊதா வரவில்லை'. ஆய்வகத்தில் கையில் ஸ்லைடோடு முழித்துக்கொண்டு நிற்கிற யாரோ ஒருவர் தட்டிய சொற்கள் இவை. வந்தவர்கள் சராசரியாக இரண்டரை நிமிஷம் தங்கியிருக்கிறார்கள். கீழே ஒரு மாணவர், "ஆல்கஹால் எத்தனை விநாடி விட வேண்டும், ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய பூச்சு) தடிமனாக இருந்தால் மாறுமா?" என்று கேட்டிருக்கிறார். உங்கள் மகள் பதில் சொன்னதோடு நிற்காமல், பதிவிலேயே அந்தப் பத்தியைத் திருத்தி எழுதியிருக்கிறாள்.

அந்த 900ஐவிட இந்த 41ஐத்தான் நான் பெரிதாக மதிப்பேன், இதில் எனக்குத் தயக்கமே இல்லை. 41கூட உண்மையைக் குறைத்துச் சொல்கிற எண்ணாக இருக்கலாம். 2024 முதல் கூகுள் பல தேடல்களுக்குச் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கத்தை மேலேயே காட்டிவிடுகிறது. பதில் அங்கேயே கிடைத்துவிட்டால் பலர் உள்ளே வருவதில்லை. சொடுக்கு குறைவதால் பதிவு பயனற்றது என்று ஆகிவிடாது.

நல்ல பதிவு என்ன செய்யும் என்பதற்குப் பெரிய இடத்திலிருந்தும் உதாரணம் உண்டு. 2009 ஜனவரியில் கணித மேதை திமோத்தி கவர்ஸ் தன் வலைப்பூவில், பலர் சேர்ந்து திறந்தவெளியில் ஒரு கணிதப் புதிரைத் தீர்க்க முடியுமா என்று கேட்டு, ஒரு கடினமான தேற்றத்துக்குப் புதிய நிரூபணம் தேடும் வேலையை முன்வைத்தார். பின்னூட்டங்களிலேயே வேலை நடந்தது. சில வாரங்களில் வழி கிடைத்தது, டி.எச்.ஜே. பாலிமத் என்ற கூட்டுப் பெயரில் ஆய்வுக் கட்டுரையும் வந்தது. அங்கே பார்வை எத்தனை என்று யார் கேட்பார்கள்? மென்பொருள் உலகில், ஜோயல் ஸ்போல்ஸ்கி 2000இலிருந்தும் ஜெஃப் அட்வுட் 2004இலிருந்தும் எழுதி வந்தார்கள். 2008இல் இருவரும் சேர்ந்து, நிரலாளர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளத்தைத் தொடங்கியபோது முதலில் வந்து சேர்ந்தவர்களில் பெரும்பகுதி அவர்களுடைய வாசகர்கள். இதைப் படித்துவிட்டு உங்கள் மகளும் கம்பெனி தொடங்குவாள் என்று கோட்டை கட்ட வேண்டாம். எழுதியதால் வெளியே ஏதாவது நடந்ததா என்பதைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் மகளுக்கு நான் சிபாரிசு செய்கிற அளவை இதுதான். ஒரு நோட்டில் மாதக் கடைசியில் அரைமணி நேரம் எழுதினால் போதும். அந்த மாதம் முன்பின் தெரியாதவர் யாராவது கேள்வி கேட்டார்களா, பிழை சுட்டினார்களா, இணைப்புக் கொடுத்தார்களா, படத்தைப் பயன்படுத்த அனுமதி கேட்டார்களா? பெயரும் தேதியும் போட்டு எழுதட்டும். உறவுக்காரர், வகுப்புத் தோழர் பாராட்டு இதில் சேராது. அதோடு, தேடலின் வழியாக எந்தச் சொற்களுக்கு மக்கள் வந்தார்கள் என்பதில் புதிதாகக் கண்டதைக் குறிக்கட்டும். சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைத்தான் வைத்திருக்கும், அதனால் பிடித்து வைத்துக்கொள்வது நல்லது. பிறகு, ஒரு வருஷம் முந்தைய தன் பதிவு ஒன்றை எடுத்துப் படிக்கட்டும். இன்றைக்கு எழுதினால் எங்கே மாற்றுவாள் என்று பென்சிலால் கோடு போடட்டும். கோடு விழ விழ அவள் வளர்ந்திருக்கிறாள் என்று அர்த்தம். இதை எந்தக் கருவியும் காட்டாது, ஆனால் மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகும்போது உதவப்போவது இதுதான்.

மின்னஞ்சல் மடல் தொடங்கலாமா என்று அவள் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். தொடங்கலாம். 'திறந்து பார்த்தவர் சதவீதம்' என்ற எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். 2021இல் ஆப்பிள் தன் மெயிலில் கொண்டுவந்த தனியுரிமை ஏற்பாட்டுக்குப் பிறகு, திறக்காத மடல்கூடத் திறந்ததாகக் கணக்கில் வரலாம். பதில் எழுதியவர்களை எண்ணச் சொல்லுங்கள்.

நீங்கள் கவலைப்பட வேண்டிய அறிகுறிகளும் இருக்கின்றன. மணிக்கொரு தரம் எண்ணைப் பார்க்கிறாளா? கிண்டல் பதிவுக்குக் கூட்டம் வந்தது என்று ஆய்வகப் பதிவுகளைக் கைவிட்டு அதையே எழுத ஆரம்பித்துவிட்டாளா? செய்முறை வகுப்பில் வருகைப் பதிவு குறைகிறதா? அளவுகோலையே இலக்காக்கிவிட்டால் அந்த அளவுகோல் கெட்டுப்போகும் என்ற கருத்தைக் குட்ஹார்ட் விதி என்பார்கள். 1975இல் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் பணக் கொள்கை பற்றிச் சொன்னதிலிருந்து கிளைத்தது அது. பதிவர்களுக்கு அச்சாகப் பொருந்தும். பார்வையைத் துரத்த ஆரம்பித்த அன்றே தலைப்பு மிரட்டும், உள்ளே சரக்கு குறையும்.

செமஸ்டர் பரீட்சைக்கு ஆறு வாரம் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். சண்டை போட்டு வேண்டாம், ஒரு சோதனை என்று சொல்லியே கேளுங்கள். புதிதாக ஒன்றும் போடாத அந்த ஆறு வாரத்தில் எந்தெந்தப் பக்கங்களுக்கு ஆட்கள் தொடர்ந்து வருகிறார்கள் என்று பிறகு பாருங்கள். அந்தப் பக்கங்கள் அவள் சேர்த்து வைத்த சொத்து. மற்றவை அன்றன்றைக்குக் கரைந்து போகிறவை. எதில் நேரம் போடலாம் என்பது அவளுக்கே விளங்கிவிடும்.

கடைசியாக, இதை விண்ணப்பத்தில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக. ஆனால் 'வலைப்பூ எழுதுகிறேன், இத்தனை பார்வைகள்' என்று போட்டால் நேர்காணல் குழுவில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். 'நுண்ணுயிரியல் செய்முறைகளில் மாணவர்கள் அடிக்கடி செய்யும் தவறுகளைச் சொந்தப் படங்களுடன் விளக்கும் பதிவுகள். வாசகர் கேள்விகளின் அடிப்படையில் திருத்தப்பட்டவை' என்று இரண்டு வரி போதும். கீழே மூன்று பதிவுகளுக்கு மட்டும் இணைப்புக் கொடுக்கட்டும், கிராம் பதிவை முதலில் வைத்து. அதிலிருந்து கேள்வி வந்தால் பதில் சொல்ல, அந்தச் செய்முறையைப் பரீட்சைக்கு முன் இன்னொரு தரம் தன் கையாலேயே செய்து பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.