வெளிநாட்டில் வங்கிக் கணக்கு இல்லாமல் அன்றாடச் செலவு: கேள்வி பதில்

நீலகிரியிலிருந்து வெளிநாடு செல்வோர், அங்கே வங்கிக் கணக்கு இல்லாத நிலையில் அன்றாடச் செலவுகளை எப்படிச் செய்வது என்று கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்று இப்போது குன்னூரில் வசிக்கும் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி (இல்லத்தரசி, கோத்தகிரி): மகளின் பிரசவத்துக்காக இரண்டரை மாதம் மியூனிக் செல்கிறேன். பால், காய்கறி, பேருந்து என்று எல்லாவற்றுக்கும் மருமகனிடம் கை நீட்ட மனம் ஒப்பவில்லை. விருந்தினர் விசாவில் செல்பவருக்கு அங்கே கணக்குத் தொடங்கித் தர மாட்டார்கள் என்கிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அம்மா, இரண்டரை மாதத்துக்கு அங்கே கணக்கு வேண்டியதே இல்லை. யூரோ ஏற்றிய ஒரு ஃபாரெக்ஸ் கார்டு (அயல்நாணயத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொண்டு செலவிடும் அட்டை), வேறொரு வங்கியின் டெபிட் அல்லது கிரெடிட் கார்டு ஒன்று, கைச்செலவுக்குச் சிறிது யூரோ நோட்டு ஆகியவை போதும். இரண்டு கார்டும் ஒரே வங்கியுடையதாக இருக்க வேண்டாம் என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஐயத்தின்பேரில் ஒரு வங்கி உங்கள் கார்டை முடக்கினால், அதே வங்கியின் மற்றொரு கார்டும் சேர்ந்து முடங்குவதை நான் பணியில் இருந்தபோது பலமுறை கண்டிருக்கிறேன்.

ஃபாரெக்ஸ் கார்டில் பணம் ஏற்றும் அன்றே மாற்று விகிதம் முடிவாகிவிடுவதால், பிறகு ரூபாய் சரிந்தாலும் உங்களுக்குக் கவலை இல்லை. யூரோ கார்டை யூரோவில் செலவிடும் வரையில் மாற்றுக் கட்டணமும் கிடையாது. மகளோடு சுவிட்சர்லாந்து போய் அங்கே பிராங்கில் செலவிட்டால் கட்டணம் வரும். சாதாரண கார்டைப் பொறுத்தவரை, 2020-இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி அது உள்நாட்டில் மட்டும் இயங்கும் நிலையில்தான் நம் கைக்கு வருகிறது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கியின் செயலியிலோ கிளையிலோ நாமேதான் திறந்துவிட வேண்டும். கடையில் பயன்படுத்துவது, ஏடிஎம்மில் எடுப்பது, இணையத்தில் வாங்குவது ஆகியவற்றுக்குத் தனித்தனியே அனுமதி தர வேண்டும் என்பதைக் கவனியுங்கள். மலை இறங்குவதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். மியூனிக் கடையில் வரிசையில் நின்றுகொண்டு மகனுக்கு போன் செய்யும் நிலை வேண்டாம்.

ஜெர்மானியர் ரொக்கத்தை இன்னும் கைவிடாதவர்கள். ரொட்டிக்கடையிலும் வாரச்சந்தையிலும் நோட்டும் நாணயமும் தாராளமாகப் புழங்குகின்றன. வேறொரு சிக்கலும் உண்டு: சில சிறு கடைகளில் மெஷின் இருந்தாலும் ஜிரோகார்டு என்ற உள்நாட்டுக் கார்டை மட்டுமே ஏற்பார்கள், விசா, மாஸ்டர்கார்டு செல்லாது. ஆகவே பணப்பையில் ஐம்பது யூரோவாவது எப்போதும் இருக்கட்டும்.

ஒரு பயணத்துக்கு நோட்டாக 3,000 டாலருக்கு ஈடான தொகை வரை வாங்கலாம், அவ்வளவு தேவைப்படாது. ரூபாயை ரொக்கமாகக் கொடுத்து வாங்குவதானால் 50,000 ரூபாய்க்குக் கீழே இருக்க வேண்டும், அதற்கு மேல் கணக்கிலிருந்துதான் செலுத்த வேண்டும். மலைமேல் உள்ள கிளைகளில் யூரோ நோட்டு கையிருப்பில் இருப்பது அரிது என்பதால், ஒரு வாரம் முன்னதாகச் சொல்லி வையுங்கள், அல்லது கோயம்புத்தூரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (வணிகர், குன்னூர்): துபாயில் ஒரு கடையில் கார்டைக் கொடுத்தபோது, ரூபாயில் கழிக்கவா, திர்ஹாமில் கழிக்கவா என்று மெஷின் கேட்டது. ரூபாய் நமக்குப் பழகியதுதானே என்று அதையே தேர்ந்தெடுத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் தொகை மிகுதியாக இருக்கிறது.

பதில்: இதில் நீங்கள் தனியாள் இல்லை, செலாவணிப் பிரிவில் இத்தனை ஆண்டு இருந்த நானே, தூக்கக் கலக்கத்தில் ஒரு விமான நிலையக் கடையில் இந்த வலையில் விழுந்திருக்கிறேன். ரூபாயைத் தேர்ந்தெடுத்த நொடியிலேயே மாற்று விகிதத்தை முடிவு செய்யும் உரிமை உங்கள் வங்கியிடமிருந்து கடைக்காரருக்குச் சேவை செய்யும் நிறுவனத்தின் கைக்குப் போய்விடுகிறது. அந்த நிறுவனம் தன் இலாபத்தையும் விகிதத்திலேயே சேர்த்துவிடுவதால் இரசீதில் தனிக் கட்டணம் எதுவும் கண்ணில் படாது. போதாக்குறைக்கு, ரூபாயில் கழிக்கப்பட்டாலும் வெளிநாட்டுக் கடை என்பதால் நம் நாட்டு வங்கிகள் சில தனிக் கட்டணமும் விதிக்கின்றன.

திர்ஹாமில் கழிக்கச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கார்டுகள் பலவற்றில் அயல்நாணய மாற்றுக் கட்டணம் 3.5 விழுக்காடு, அந்தக் கட்டணத்தின்மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி. பத்தாயிரம் ரூபாய்ப் பொருளுக்கு 350 ரூபாய் கட்டணம், 63 ரூபாய் வரி, ஆக 413 ரூபாய் கூடுதல். இதுவும் சிறிய தொகை இல்லைதான். ஆனால் முன்கூட்டியே தெரிந்த தொகை. எந்த நாட்டில் நிற்கிறீர்களோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ஏடிஎம்மும் இதே கேள்வியைச் சற்று அச்சுறுத்தும் சொற்களில் கேட்கும். அதன் மாற்று விகிதத்தை மறுத்தாலும் பணம் வரும்.

கேள்வி (தேயிலைத் தோட்டத் தொழிலாளி, கூடலூர்): எங்கள் குடும்பம், தோட்டத் தமிழரை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து வந்தது. ஹட்டன் பக்கம் பெரியம்மா வழி உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கப் போகும்போது போனிலேயே பணம் செலுத்திவிடலாம் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. 2024 பிப்ரவரி 12 முதல் இலங்கையில் யுபிஐ செல்லுபடியாகிறது. லங்கா கியூஆர் பலகை வைத்திருக்கும் கடையில் ஸ்கேன் செய்தால் அங்குள்ள ரூபாய்த் தொகைக்கு ஈடான இந்தியத் தொகை உங்கள் கணக்கிலிருந்து கழியும். இதற்கு உங்கள் யுபிஐ செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை முன்பே திறந்து வைத்திருக்க வேண்டும். போனில் இணையமும் இருக்க வேண்டும். ஆனால் இது கடைகளுக்கு மட்டுமே. பெரியம்மா மகனின் எண்ணுக்கு நேரடியாகப் பணம் அனுப்ப இதில் வழி இல்லை. தோட்டத்து லயன் (தொழிலாளர் வரிசை வீடுகள்) அருகே இருக்கும் சிறு கடைகளிலும் பேருந்திலும் நோட்டுத்தான் கைகொடுக்கும். டாலர் நோட்டாகக் கொண்டுபோய், கொழும்பு அருகே உள்ள கட்டுநாயக்க விமான நிலைய வங்கி முகப்பில் தேவையான அளவு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (ஆசிரியை, ஊட்டி): நாங்கள் எட்டுப் பேர் ஆறு நாள் சிங்கப்பூர் செல்கிறோம். ரயிலுக்குத் தனி அட்டை வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். தொடுமுறை வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டை ரயில் வாயிலிலும் பேருந்திலும் தொட்டுச் செல்லலாம். ஒரு கார்டு ஒருவருக்கு மட்டுமே பயன்படும், ஏறும்போது தொட்ட அதே கார்டையே இறங்கும்போதும் தொட வேண்டும். கார்டு இல்லாதவர் மட்டும் பயண அட்டை வாங்கட்டும். உணவங்காடிகளுக்குச் சிறிது சிங்கப்பூர் டாலர் நோட்டு கையில் இருக்கட்டும்.

கேள்வி (முதுகலை மாணவர், குன்னூர்): செப்டம்பரில் டப்ளின் செல்கிறேன். கணக்குத் தொடங்க முகவரிச் சான்று கேட்கிறார்கள். முகவரி வேண்டுமானால் வாடகை முன்பணம் செலுத்த வேண்டும். அதைக் கணக்கிலிருந்து அனுப்பச் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: தம்பி, இந்த முடிச்சை இங்கிருந்தே அவிழ்க்க வேண்டும். கல்லூரிக் கட்டணத்தையும் முன்பணத்தையும் உங்கள் தந்தையின் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். படிவம் நிரப்பும்போது இடைவங்கிக் கட்டணங்களை அனுப்புபவரே ஏற்பதாகக் குறிக்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வழியில் இருக்கும் வங்கிகள் ஆளுக்குக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு, வீட்டுக்காரருக்குத் தொகை குறைவாகப் போய்ச் சேரும், சண்டை உங்களுக்கு வரும். வீட்டை நேரிலோ நம்பகமானவர் மூலமோ பார்க்காமல் மட்டும் முன்பணம் அனுப்பாதீர்கள்.

முதல் சில வாரங்கள் ஃபாரெக்ஸ் கார்டில் ஓட்டுங்கள். அயர்லாந்தில் சட்டப்படி வசிக்கத் தொடங்கியதும், 2014-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய நெறிமுறைப்படி அடிப்படை வங்கிக் கணக்கு கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குள், போன் செயலியிலேயே தொடங்கி இயக்கும் கணக்கு ஒன்றைத் திறந்தால், அதன் எண் லிதுவேனியா போன்ற வேறு உறுப்பு நாட்டுக்கு உரியதாக இருக்கக்கூடும். அதைக் காரணம் காட்டிப் பகுதிநேர வேலையின் சம்பளத்தைச் செலுத்த ஒரு நிறுவனம் மறுப்பதற்கு ஒன்றியத்தின் விதி, 260/2012 என்ற எண்ணுடையது, இடம் கொடுப்பதில்லை. பணிவாக அந்த எண்ணை எழுதிக் காட்டுங்கள்.

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஓடிபி அதற்குத்தான் வரும். குறுஞ்செய்தி மட்டும் பெறுவதற்கு ரோமிங் கட்டணம் உண்டா என்று புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி (தங்கும் விடுதி நடத்துபவர், கோத்தகிரி): எங்கள் கேள்வி தலைகீழானது. வெளிநாட்டு விருந்தினர் வருகிறார்கள். அவர்களுக்கு இங்கே கணக்கு இல்லை, நம் யுபிஐயும் இல்லை. டீக்கடையில்கூடத் திண்டாடுகிறார்கள்.

பதில்: அவர்களுக்காகவே 2023-இல், ஜி-20 மாநாட்டை ஒட்டி, யுபிஐ ஒன் வேர்ல்டு என்ற, முன்கூட்டியே பணம் ஏற்றிப் போனில் செலவிடும் மின்பணப்பை அறிமுகமானது. கடவுச்சீட்டையும் விசாவையும் காட்டி, தம் நாட்டுக் கார்டிலிருந்து ரூபாயை ஏற்றிக்கொண்டால் நம் கடைகளின் கியூஆர் பலகையையே ஸ்கேன் செய்யலாம். அறை பதிவாகும்போதே இந்தச் செய்தியை அவர்களுக்கு எழுதி அனுப்பிவிடுங்கள். மலைக்கு வந்தபின் ஏற்பாடு செய்வது கடினம். உங்கள் ஸ்வைப் மெஷினில் வெளிநாட்டுக் கார்டு ஏற்கும் வசதி திறக்கப்பட்டிருக்கிறதா என்றும் வங்கியில் கேளுங்கள். வாடகைக்கு ஈடாக டாலர் நோட்டை மட்டும் வாங்கிக்கொள்ளாதீர்கள், அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும்.