சிலிண்டரும் சண்டையும்: கேள்வி பதில்

(வீட்டில் நாம் எரிக்கும் எரிபொருளுக்கும் உலகத்தில் நடக்கும் போர்களுக்கும் என்ன உறவு? மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற சேலத்துக்காரர் பதில் சொல்கிறார்.)

அம்மாபேட்டை வாசகி: சார், லைட்டையும் ஃபேனையும் அணைத்தால் உலகத்தில் போர் குறையும் என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவிட்டு வந்து, என் பையன் வீட்டையே இருட்டாக்கி வைத்திருக்கிறான். உண்மையா?

இல்லைம்மா. பில் குறையும், அந்த மட்டுக்கும் நல்லது. நம் மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி பெரும்பாலும் ஒடிசாவின் தால்ச்சரிலிருந்து வருகிறது. பாரதீப் வரை ரயில், எண்ணூர் வரை கப்பல், அங்கிருந்து மறுபடி ரயில். புகை, சாம்பல் என்று அந்தக் கரிக்கு வேறு பாவங்கள் உண்டு. ஆனால் அதற்காக யாரும் கடற்படை அனுப்பியதில்லை.

போர் தொடுவது வண்டி டேங்கையும் சமையல் சிலிண்டரையும்தான். நாம் எரிக்கும் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளிநாட்டுச் சரக்கு. சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதி. அந்த எரிவாயுவில் பெரும்பங்கு வளைகுடா நாடுகளிலிருந்து ஹோர்முஸ் ஜலசந்தியைத் தாண்டி வர வேண்டும். சாதாரண நாளில் உலகம் செலவழிக்கும் எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு போகும் வழி அது. மிகக் குறுகிய இடத்தில் அகலம் சுமார் 33 கிலோமீட்டர். சேலத்திலிருந்து ஏற்காடு போகிற தூரம்தான். பையனிடம் சொல்லுங்கள்: கரண்ட் வேறு, எண்ணெய் வேறு.

கொண்டலாம்பட்டி தறிக்காரர்: வளைகுடாவில் சண்டை வந்தால் எங்கள் தறிக்குக் கரண்ட் நிற்குமா?

நிற்காது. நம் நாட்டில் எண்ணெய் எரித்துத் தயாரிக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். நூல் ஏற்றி வரும் லாரிக்கு டீசல் விலை ஏறும், அதைக் கணக்கில் வையுங்கள்.

ஆத்தூர், ஜவ்வரிசி ஆலை வைத்திருப்பவர்: எங்கோ நடக்கும் போருக்கும் நம் மாவட்டத்துக்கும் என்ன சம்பந்தம் ஐயா?

நீங்கள் கேட்கிறீர்களே! உங்கள் தொழிலே போரில் பிறந்ததுதான். இரண்டாம் உலகப் போரில் மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பான் கைக்குப் போனதும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றது. மரவள்ளிக் கிழங்கை வைத்து நாமே செய்யலாம் என்று 1943 வாக்கில் சேலத்தில் இறங்கினார்கள்.

அந்த ஜப்பான் தெற்கே ஏன் வந்தது? காரணங்கள் பல. ஆனால் 1941-ல் அமெரிக்கா அதற்கு எண்ணெய் விற்பதை நிறுத்தியது பெரிய காரணம். சுமத்ரா, போர்னியோ எண்ணெய்க் கிணறுகள்தான் குறி. பர்மாவின் ஏனாங்யாங் கிணறுகளை, எதிரி கையில் சிக்கக்கூடாது என்று 1942 ஏப்ரலில் பிரிட்டிஷாரே நாசம் செய்துவிட்டுக் கிளம்பினார்கள். நம் ஊர் விளக்குகளுக்கு மண்ணெண்ணெய் தந்த நாடு பர்மா. இங்கே பெட்ரோலுக்கு ரேஷன் வந்தது, பஸ்ஸுக்குப் பின்னால் கரி அடுப்பு வந்தது. பீப்பாய் மாதிரி ஒரு கலத்தில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, ஊதுவிசிறியைக் கையால் சுற்றி, அதில் வரும் வாயுவை எஞ்சினுக்கு விடுவார்கள். பஸ் கிளம்புவதற்குள் கிளீனர் முகம் முழுக்கக் கரி. மேடு வந்தால் பயணிகள் இறங்கித் தள்ள வேண்டும்.

ஒன்று கவனியுங்கள். உங்கள் களத்தில் வெயிலில் காய்கிற மாவை எந்த ஜலசந்தியாலும் நிறுத்த முடியாது.

ஓமலூர் வாசகர்: சிலிண்டரை விட்டுவிட்டு இண்டக்ஷன் அடுப்புக்கு மாறலாமா?

பாதி மாறுங்கள். 14.2 கிலோ சிலிண்டரில் இருக்கும் வெப்பம் ஏறக்குறைய 180 யூனிட். கேஸ் அடுப்பில் அதில் 60 சதவீதம் பாத்திரத்துக்குப் போனால் அதிகம். இண்டக்ஷனில் 85 வரை போகும். ஆக ஒரு சிலிண்டர் வேலைக்கு 125 யூனிட் போல ஆகும். இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். பழைய வீட்டு ஒயரிங்கில், ஃபேன் லைனிலிருந்து இழுத்த பிளக்கில் அடுப்பைச் செருகாதீர்கள். தனி லைன், 16 ஆம்பியர் பிளக். இதை எத்தனை வீட்டில் சொன்னாலும் கேட்பதில்லை.

அஸ்தம்பட்டி: எந்த கம்பெனி எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கலாம்?

அது என் வேலை இல்லை தம்பி. ஏற்காட்டுக் கொண்டைஊசி வளைவுகளில் இருவராக ஏறிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மேட்டூர் வாசகர்: ஒரு குடும்பம் பெட்ரோலைக் குறைத்தால் எந்தப் போர் நிற்கும்?

எதுவும் நிற்காது. நாடு முழுக்கக் குறைந்தால், அடுத்தவன் சண்டையில் நம் கழுத்து மாட்டுவது குறையும். 1990 ஆகஸ்டில் இராக் குவைத்துக்குள் புகுந்தது. எண்ணெய் விலை எகிறியது, அங்கே வேலை பார்த்த நம் ஆட்களை விமானத்தில் கூட்டி வந்தோம், அவர்கள் அனுப்பிய பணமும் நின்றது. ஏற்கெனவே தள்ளாடிய கஜானா அதில் உட்கார்ந்துவிட்டது. 1991-ல் 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி, பிரிட்டனின் மத்திய வங்கியில் அடகு வைத்தோம்.

ஃபேர்லேண்ட்ஸ்: ஏசியை 26-ல் வைத்தால் உலக அமைதிக்கு...

அம்மாபேட்டைப் பதிலைப் படியுங்கள். கரண்ட் வேறு, எண்ணெய் வேறு.

ஏற்காடு, நாகலூர்க்காரர்: அண்ணா, அடுத்து சோலார் என்பீர்கள். எங்கள் மலையை வெட்டி பாக்சைட்டை மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கொண்டுபோனார்கள். பேனலின் சட்டமும் அலுமினியம்தான். பேட்டரிக்குக் கோபால்ட் காங்கோவில். அங்கே ரத்தம் சிந்தவில்லையா?

நல்ல கேள்வி. உலகக் கோபால்ட்டில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காங்கோவில்தான் தோண்டுகிறார்கள், அந்த நாட்டுக் கிழக்கில் சண்டை ஓய்ந்தபாடில்லை. பேனல் உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனா கையில். எல்லாம் சரி. ஆனால் பேனல் ஒருமுறை வாங்கினால் 25 வருடம் மாடியில் கிடக்கும். சீனா நாளைக்கே கதவைச் சாத்தினாலும் இன்றைக்கு மாட்டியது வேலை செய்யும். எண்ணெய் தினம் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த மாதமே பங்க்கில் வரிசை. தஞ்சாவூர்க்காரர், காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா இதைச் சுதந்திரத்துக்கு முன்பே பிரித்துக் காட்டினார்: எடுக்க எடுக்கத் தீர்ந்துபோகும் இருப்பை நம்பி வாழ்வது ஒன்று, ஆண்டுதோறும் வந்துகொண்டே இருப்பதை நம்பி வாழ்வது இன்னொன்று. முதலாவது சண்டையில் கொண்டுபோய் விடும் என்றார்.

செவ்வாய்ப்பேட்டை, கொலுசுப் பட்டறை: பேனலுக்குள் வெள்ளியும் போகிறது. எங்கள் பட்டறையில் வெள்ளி விலை கேட்டாலே அழுகை வருகிறது. அதையும் எழுதுங்கள்.

எழுதிவிட்டேன்.

நாகலூர்க்காரர்: 25 வருடக் கணக்கு உங்கள் மாடிக்கு. வெட்டிய மலை திரும்ப வளருமா?

வளராது. கோபால்ட் இல்லாத இரும்பு பாஸ்பேட் பேட்டரி வந்துவிட்டது, அந்தப் பழி குறையும். மலைக்கு அப்படி மாற்று இல்லை. அதைப் போர் என்று நான் சொல்லமாட்டேன். மலையில் இருப்பவர் சொன்னால் மறுக்கவும் மாட்டேன். ஆனால் அலுமினியம் கிலோவுக்கு உருக்கும்போதே 14 யூனிட் கரண்ட் குடிக்கிறது. பழைய பாத்திரத்தை உருக்கினால் அதில் இருபதில் ஒரு பங்கு போதும். ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர்தான் மலையைக் கொஞ்சம் காப்பாற்றினார்.

நாகலூர்க்காரர்: சோலார் ஊரைப் போர் விட்டுவிடுமா?

விடாது. ஆனால் 2022 அக்டோபரிலிருந்து உக்ரைனில் ரஷ்யா குறிவைத்தது பெரிய மின்நிலையங்களையும் துணைமின் நிலையங்களையும். ஒன்றை அடித்தால் ஒரு நகரமே இருட்டு. ஆயிரம் மாடிகளை அப்படி ஒரே ஏவுகணையில் அணைக்க முடியாது. ஒரு திருத்தம்: பேட்டரி இல்லாத மாடி சோலார், லைனில் கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். லைனில் வேலை பார்க்கிறவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு. விற்கிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

தாரமங்கலம்: லைட்டை அணைத்தால்...

அம்மாபேட்டை!

சூரமங்கலம்: மாடி சோலாருக்கு மானியம் எவ்வளவு?

2024-ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை. நல்ல வெயிலில் கிலோவாட்டுக்கு நாளைக்கு 4 யூனிட் எடுக்கலாம். மானியப் பணம் பொருத்திய பிறகுதான் கணக்கில் ஏறும், முன்கூட்டியே கழித்துத் தருகிறேன் என்பவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். தண்ணீர்த் தொட்டி நிழல் பேனலில் விழாமல் பொருத்தச் சொல்லுங்கள்.