நன்கொடை, தொண்டு நிறுவனங்கள் பற்றிய ஆய்வு மாநாட்டுக்கு முதல்முறை போகிறேன். யாரையும் தெரியாது. எப்படித் தயாராவது?

இது ஒரே துறையின் கூட்டம் அல்ல என்பதை முதலில் மனத்தில் கொள்ளுங்கள். ஓர் அறையில் பொருளியல்காரர் வரிச்சலுகை நன்கொடையை எவ்வளவு கூட்டுகிறது என்று கணக்குப் போடுவார். பக்கத்து அறையில் சமூகவியலாளர் தன்னார்வலர்கள் ஏன் விலகுகிறார்கள் என்று பேசுவார். ஆகவே உங்கள் துறைச் சொற்கள் எல்லோருக்கும் புரியும் என்று நம்ப வேண்டாம். "எதைப் பற்றி ஆய்வு?" என்ற கேள்வி ஓயாமல் வரும். இரண்டு வாக்கியத்தில் பதில் சொல்லப் பழகுங்கள்.

தொண்டு நிறுவனங்களையும் தன்னார்வப் பணியையும் ஆராய்வோரின் சங்கமான, 1971இல் தொடங்கிய அர்னோவா (ARNOVA) ஆண்டுதோறும் மாநாடு கூட்டுகிறது. இதே துறையின் பன்னாட்டுச் சங்கமான ஐஎஸ்டிஆர் (ISTR) இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. இரண்டிலும் ஒரே நேரத்தில் பல அமர்வுகள் நடக்கும். எல்லாவற்றையும் பிடிக்க ஓடாதீர்கள். நீங்கள் மேற்கோள் காட்டும் ஆய்வாளரின் அமர்வுக்கு அவர் கட்டுரையைப் படித்துவிட்டுப் போங்கள். முடிந்ததும் குறிப்பான ஒரு கேள்வி கேளுங்கள். வெறுமனே பாராட்டினால் "நன்றி" என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

பெரிய பெயர்களையே சுற்றி வருவது, என்னைக் கேட்டால், வீண். முனைவர் பட்ட மாணவர்களோடு பழகுங்கள். பின்னாளில் சேர்ந்து எழுதப்போவது பெரும்பாலும் அவர்களோடுதான். நீங்களே கட்டுரை வாசிப்பதானால், இலக்கிய மீளாய்வை, அதாவது முந்தைய ஆய்வுகளைப் பற்றிய பகுதியை, சுருக்கி முடிவுகளுக்கு நேரம் கொடுங்கள்.