ஜப்பானின் பெண்கள் சிறைப் படங்களில் ஆபாசத்தைத் தாண்டி ஏதேனும் உண்டா?

உண்டு. ஆனால் அந்த வகையில் வந்த எல்லாப் படங்களுக்கும் இப்பதில் பொருந்தாது. டோயெய் நிறுவனம் 1972, 1973 ஆகிய ஆண்டுகளில் வெளியிட்ட 'பெண் கைதி தேள்' வரிசையில் ஷுன்யா இடோ இயக்கிய முதல் மூன்று படங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

இவை பிறந்த சூழல் கண்ணியமானதன்று. தொலைக்காட்சி பரவித் திரையரங்குக் கூட்டம் கரைந்துபோன நிலையில், வீட்டுப் பெட்டியில் காட்ட முடியாத நிர்வாணத்தையும் வன்முறையையும் காட்டி ஆண்களைத் திரையரங்குக்கு இழுக்க ஸ்டுடியோக்கள் முனைந்தன. நிக்காட்சு நிறுவனம் 1971இல் பாலுணர்வுப் படங்களின் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியதும் அங்கிருந்து விலகிய நடிகை மெய்கோ காஜிக்கு டோயெய் அளித்த பாத்திரம்தான், டோரு ஷினோஹாராவின் காமிக்ஸ் படக்கதையில் வரும் நாமி மட்சுஷிமா. காதலித்த துப்பறிவாளனாலேயே போதைப்பொருள் கும்பலிடம் பலிகொடுக்கப்பட்டு, அவனைக் கத்தியால் குத்த முயன்று சிறைக்கு வருபவள் அவள். படக்கதையில் வாய் ஓயாமல் வசைபொழியும் இந்தப் பெண்ணைத் திரையில் ஏறக்குறைய ஊமையாக்க வேண்டும் என்று காஜியே இயக்குநரிடம் கேட்டுக்கொண்டார். இரண்டாம் படம் முழுவதிலும் அவர் பேசுவது விரல்விட்டு எண்ணக்கூடிய சில சொற்களே. கெஞ்சலையும் கதறலையும் எதிர்பார்த்து வந்த பார்வையாளருக்கு, இமைக்காமல் திருப்பிப் பார்க்கும் இரண்டு கண்கள்தான் கிடைத்தன.

இடோவின் பகட்டான காட்சியமைப்பும் இதே வேலையைத்தான் செய்கிறது என்பது என் உறுதியான கருத்து. முதல் படத்தில் நாமி வன்கொடுமைக்கு ஆளாகும் காட்சியில் கேமரா கண்ணாடித் தரைக்கு அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. தாக்கும் ஆண்களின் பக்கம் நின்று வேடிக்கை பார்க்கும் வசதி நமக்குப் பறிக்கப்படுகிறது. அதே படத்தில் அவள் காதலனை நம்பித் தன்னை ஒப்படைக்கும் இரவில், வெள்ளை விரிப்பில் பரவும் இரத்தம் ஜப்பானியக் கொடியின் செவ்வட்டமாகிறது. சிறை அதிகாரிக்குப் பாராட்டு வழங்கும் அரசு விழாவை அபாயச் சங்கு குலைப்பதில் தொடங்கும் படம் அது என்பதை நினைத்தால், இடோ யாரைக் குற்றம் சாட்டுகிறார் என்பது விளங்கும்.

இரண்டாம் படம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. தப்பியோடிய பெண்கள் கைவிடப்பட்ட ஊரொன்றில் கத்தியைப் பற்றியிருக்கும் கிழவியைச் சந்திக்கிறார்கள். ஜப்பானியப் பொம்மலாட்டத்தின் கதைப்பாட்டைப் போல ஒவ்வொருத்தியின் குற்றமும் பாடப்படுகிறது. ஒவ்வொரு குற்றத்துக்குப் பின்னாலும் ஓர் ஆண் இருக்கிறான். பிறகு உதிர்ந்த இலைகளின் நடுவே கிழவி இறக்க, காற்று அவற்றை வாரிச் சுழற்றுகிறது. விரைவாகவும் மலிவாகவும் எடுக்கப்பட்ட வணிகப் படமொன்றில் இப்படியொரு காட்சி இடம்பெற்றதை இன்றும் வியக்கிறேன்.

இதனால் இவற்றைப் பெண்ணியப் படங்கள் என்று தூக்கிப்பிடிக்க நான் தயாராக இல்லை. முதல் படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடும்போதே நிர்வாணக் கைதிகள் காவலர்களின் கண்முன் வரிசையாக நடத்தப்படுகிறார்கள். அது சந்தைக்குச் செலுத்திய கப்பமன்றி வேறில்லை. பாலியல் வன்முறைக் காட்சிகள் மூன்றிலுமே கடுமையானவை. அவற்றைத் தாங்க இயலாதவர்கள் கட்டாயம் தவிர்க்கலாம். பார்க்க விரும்புவோர் முதலிரண்டையும் வரிசைப்படி பாருங்கள். யசுஹாரு ஹசெபே இயக்கிய நான்காவதில் காஜி இருக்கிறார், ஆனால் இடோவின் கண் இல்லை. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளலாம்.