ஃபாலோயர்ஸைக் காசு கொடுத்து வாங்கலாமா?

கேள்வி: கையால் தைத்த துணிப்பைகளை ஃபேஸ்புக் பக்கத்திலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கிறேன். 4,000 ஃபாலோயர்ஸ் இருக்கிறார்கள். ஆனால் ஒரு போஸ்ட் போட்டால் 150 பேர்கூடப் பார்ப்பதில்லை. டிஜிட்டல் மார்க்கெட்டிங் செய்கிறேன் என்று ஒருவர், 'ஒரே மாதத்தில் 20,000 பேரைச் சேர்த்துத் தருகிறேன், பக்கத்துக்கு அட்மின் ஆக்குங்கள்' என்கிறார். நடுநடுவே பரபரப்புச் செய்தி, மீம்ஸ் போட்டால் ரீச் (போஸ்ட் எத்தனை பேரைச் சேர்கிறது என்ற எண்ணிக்கை) தானாக ஏறும் என்றும் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: வேண்டாம். முன்பணம் கொடுத்திருந்தால் மீதியைக் கொடுக்காதீர்கள். அட்மின் ஆக்கியிருந்தால், மேற்கொண்டு படிப்பதற்கு முன் போய் அவரை நீக்கிவிட்டு வாருங்கள்.

150 பேர்தான் பார்க்கிறார்கள் என்பது உங்கள் குறை இல்லை. ஃபாலோ செய்தவர்கள் அனைவருக்கும் நம் போஸ்ட் போய்ச் சேரும் என்ற காலம் மலையேறிவிட்டது. நியூஸ் ஃபீடில், அதாவது ஃபேஸ்புக்கைத் திறந்ததும் வரிசையாக வரும் பதிவுகளில், நண்பர்கள், குடும்பத்தினரின் பதிவுகளுக்கே முன்னுரிமை, வியாபாரப் பக்கங்களுக்கும் செய்தி நிறுவனங்களுக்கும் இடம் குறையும் என்று ஃபேஸ்புக்கே 2018 ஜனவரியில் வெளிப்படையாக அறிவித்தது. ரீச் அதற்கும் முன்பிருந்தே இறங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆளைச் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்தோம். இப்போது அதே ஆட்களிடம் பேச விளம்பரக் காசு கேட்கிறார்கள். எரிச்சலாகத்தான் இருக்கிறது, ஆனால் களம் அவர்களுடையது.

இனி அந்த 20,000. உங்கள் போஸ்ட்டை முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டி, அவர்கள் நின்று பார்க்கிறார்களா, யாருக்காவது அனுப்புகிறார்களா என்று கவனித்துத்தான் மேற்கொண்டு காட்டலாமா என்று தளம் முடிவு செய்கிறது. விலைக்கு வாங்கிய கணக்குகள் எதையும் பார்க்காது, எதையும் வாங்காது. கூட்டம் பெருகும், அசைவு இருக்காது. அதனால், இப்போது பார்க்கும் அந்த 150 பேர்கூடக் குறையலாம். தளங்களும் அவ்வப்போது போலிக் கணக்குகளைக் களையெடுக்கின்றன. ஒருநாள் காலையில் எண்ணிக்கை சரிந்து கிடக்கும். அமெரிக்காவில் இதையே தொழிலாகச் செய்த டெவுமி என்ற நிறுவனத்தின் வண்டவாளத்தை 2018-இல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. அந்த நிறுவனத்தின் மீது அரசு தொடுத்த வழக்கு மறு ஆண்டே 25 லட்சம் டாலர் தீர்ப்புத்தொகையோடு முடிந்தது. 2024-இல் அங்கே வந்த விதி விற்பவரோடு நிற்கவில்லை. போலி என்று தெரிந்தே வியாபாரத்துக்காக வாங்குபவரையும் சேர்த்தே பிடிக்கிறது.

உங்களிடம் வந்த ஏஜென்ட் தான் வளர்த்ததாகக் காட்டும் பக்கம் ஏதாவது இருந்தால், அதன் ஃபாலோயர்ஸ் பட்டியலைத் திறந்து விரலால் தள்ளிக்கொண்டே போங்கள். பெயருக்குப் பின்னால் வால் போல ஏழெட்டு எண்கள், முகப்புப் படம் இல்லை, போஸ்ட் பூஜ்யம், ஆனால் ஃபாலோ செய்வது மட்டும் ஆயிரக்கணக்கான பேரை. இப்படி வரிசையாக வந்தால் புரிந்துகொள்ளலாம்.

சரி, பரபரப்புச் செய்தி யோசனைக்கு வருவோம். ரீச் ஏறும் என்று அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 செய்திகளை ஆராய்ந்து 2018-இல் வெளிவந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வு, பொய்ச் செய்தி மற்றவர்களால் பகிரப்படும் வாய்ப்பு உண்மைச் செய்தியைவிட 70 சதவீதம் அதிகம் என்றது. பரப்பியதில் பெரும்பங்கு இயந்திரக் கணக்குகளுக்கு இல்லை, மனிதர்களுக்குத்தான். புதிதாக, திடுக்கிட வைப்பதாக இருந்ததே காரணம் என்றார்கள். ஆனால் நடிகர் இறந்துவிட்டார் என்ற வதந்தியைப் பார்க்க வந்தவர் பை வாங்க வந்தவர் இல்லை. அடுத்த வாரம் நீங்கள் பையைக் காட்டினால் தள்ளிவிட்டுப் போவார். தளமும் அதைக் குறித்துக்கொள்ளும். வதந்தி பொய்யானால் கெட்டுப்போவது உங்கள் பெயர். ஏஜென்ட் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார். 'லைக் போடுங்க, ஐந்து பேரை டேக் பண்ணுங்க' என்று கெஞ்சும் போஸ்ட்டுகளைக் கீழே தள்ளப்போவதாக ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. அவர் கையில் இருப்பது அந்தக் காலத்துச் சரக்கு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் அந்த அட்மின் விஷயத்தில்தான். முழுக் கட்டுப்பாடு பெற்றவர் உங்களையே உங்கள் பக்கத்திலிருந்து நீக்க முடியும். பக்கத்தையே அழிக்கவும் முடியும். இதுதான் நிறையப் பேர் மாட்டும் பொறி. முதல் மாதம் தேனாகப் பேசுவார். இரண்டாம் மாதம் கட்டணம் ஏறும். மறுத்தால் பக்கம் கைமாறியிருக்கும். இன்னொரு வகையும் உண்டு: பக்கத்தையே தன் கணக்கில் தொடங்கித் தருவார். ஆரம்பத்திலிருந்தே அது உங்களுடையது இல்லை.

இதில் ஒரே ஒரு விதிவிலக்கு. உண்மையாகவே விளம்பரம் ஓட்டித் தரும் ஆளுக்குக் கொஞ்சம் அனுமதி தேவைப்படும். அதற்கு அட்மின் ஆக்க வேண்டியதில்லை. பக்கத்தின் அமைப்புகளில் 'குறிப்பிட்ட பணிகளுக்கு மட்டும்' என்று அனுமதி தரும் வசதி இருக்கிறது. அதில் விளம்பரத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பாஸ்வேர்டு தர வேண்டாம், ஓடிபி சொல்ல வேண்டாம். விளம்பரக் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில் இருக்கட்டும். அவர் கணக்கில் ஓட்டினால், யாருக்குக் காட்டினோம், யார் பேசினார்கள் என்ற விவரமெல்லாம் அவரோடு போய்விடும். வேலை முடிந்த அன்றே அனுமதியை எடுத்துவிடுங்கள். 'அட்மின் இல்லாமல் வேலை நடக்காது' என்று அடம்பிடித்தால் ஆளை மாற்றுங்கள். தொழில் தெரிந்தவர் அப்படிக் கேட்க மாட்டார்.

பக்கம் பறிபோனபின் மீட்கலாமே என்று நினைக்காதீர்கள். விளம்பரக் காசை நொடியில் எடுக்கும் நிறுவனம், புகார் செய்தால் படிவத்துக்கு மேல் படிவம் நீட்டும். தானியங்கிப் பதில் வரும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டுக்கும் உரிமையாளரான மெட்டா 2023-இல் கொண்டுவந்த 'மெட்டா வெரிஃபைடு' மாதச் சந்தாவில், நீல டிக்கோடு மனிதர் ஒருவரின் உதவியும் சேர்த்து விற்கிறார்கள். வாடிக்கையாளர் சேவை என்று இலவசமாகத் தர வேண்டியதற்கு விலை! அதனால் இரண்டடுக்குச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் வசதி) இன்றே போட்டுவிடுங்கள். 'காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும்' என்று இன்பாக்ஸில் மிரட்டும் லிங்க்கைத் தொடாதீர்கள்.

அப்புறம், விற்பனைக்கு என்ன செய்வது? இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரியே, ஒருவர் இன்னொருவருக்குத் தனிச்செய்தியில் அனுப்புவதை முக்கியக் குறியாக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருக்கிறார். லைக்கை எண்ணுவதை விடுங்கள். பையின் வாயைத் திறந்து, உள்ளே லேப்டாப், தண்ணீர் பாட்டில், குடை மூன்றும் அடங்குவதை 15 விநாடி வீடியோவில் காட்டுங்கள். 'உனக்கு இதுதானே வேணும்?' என்று ஒருவர் தங்கைக்கு அனுப்புவது இப்படிப்பட்டதைத்தான். பூஸ்ட் செய்வதானால், அதாவது காசு கட்டி ஒரு போஸ்ட்டை விளம்பரமாகக் காட்டுவதானால், இதையே செய்யுங்கள். அதிலும் லைக் கேட்கும் இலக்கைத் தேர்ந்தெடுக்காமல், மெசேஜ் வரும் இலக்கைத் தேர்ந்தெடுத்து, சிறு தொகையில் ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள்.

அந்த ஆளிடம் இன்னும் பேச வேண்டியிருந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: நீங்கள் வளர்த்த பக்கத்தின் இன்சைட்ஸை (பக்கத்தின் புள்ளிவிவரப் பகுதி) திறந்து, ஃபாலோயர்ஸ் எந்தெந்த ஊர்க்காரர்கள், போன மாதம் எத்தனை பேர் விலை கேட்டு மெசேஜ் போட்டார்கள் என்று காட்ட முடியுமா? ஸ்கிரீன்ஷாட் அனுப்புகிறேன் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். வீடியோ காலில், உங்கள் கண்முன்னே திறந்து காட்டச் சொல்லுங்கள்.