மூடியைத் திறந்தால்தான் ஆப்பிள் பட்டர் கெட்டியாகும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆப்பிள் பட்டர் பற்றி வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். எழுதிய விதம் வேறுவேறாக இருந்தாலும் பெரும்பாலானவை வந்து நிற்கும் இடம் ஒன்றுதான்: கெட்டியாகவில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வரி. ஆப்பிளைக் குழைய வேகவைத்து, மசித்து, தண்ணீர் வற்றி, கரும்பழுப்பு நிறத்தில் ரொட்டியில் தடவும் பதம் வரும்வரை சுண்டவைப்பதுதான் ஆப்பிள் பட்டர். பால் வெண்ணெய் இதில் துளியும் கிடையாது.

கேள்வி: 3 கிலோ ஆப்பிளைத் தோல் சீவி நறுக்கி, ஒரு கப் சர்க்கரையும் பட்டைத்தூளும் போட்டு, ஸ்லோ குக்கரை (குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்பாத்திரம்) ‘லோ’வில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். 10 மணி நேரம் கழித்துத் திறந்தால் பழம் வெந்திருக்கிறது, மேலே தண்ணீர் நிற்கிறது. அரைத்தும் பார்த்தேன், கூழாகத்தான் இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு ஒன்றும் இல்லை, நீங்கள் பாதி வழியில் நிற்கிறீர்கள். அந்தக் கூழைக் கொட்டிவிடாதீர்கள். இனிமேல்தான் அசல் வேலையே தொடங்குகிறது.

ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். 3 கிலோவில் தோலும் நடுத்தண்டும் போக இரண்டரை கிலோ சதை இருக்கும் என்று வையுங்கள். அது தடவும் பதத்துக்கு வரும்போது ஒரு கிலோ சொச்சம்தான் மிஞ்சும். அப்படியென்றால் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீர் ஆவியாகி வெளியே போயாக வேண்டும். ஸ்லோ குக்கரோ ஆவியை வெளியே விடாமல் இருப்பதற்கென்றே செய்த பாத்திரம். கண்ணாடி மூடியின் உள்பக்கத்தைப் பாருங்கள், நீர் முத்து முத்தாகக் கோத்து, ஓரமாக வழிந்து, திரும்பவும் பழத்திலேயே விழுந்துகொண்டிருக்கும். குழம்புக்கும் சூப்புக்கும் அது நல்ல குணம். நமக்கு அதுதான் இடைஞ்சல். மூடி இறுக்கமாக இருக்கும்வரை 10 மணி நேரம் வைத்தாலும் 20 மணி நேரம் வைத்தாலும் தண்ணீர் அங்கேயேதான் சுற்றும்.

அதனால் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் பாதி மூடி போட்டு: ‘லோ’வில் 8 முதல் 10 மணி நேரம், பழம் கரண்டி பட்டாலே உடையும்வரை. இந்தப் பாதியில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், பழம் விடும் சாறே போதும். அப்புறம் அரைக்க வேண்டும். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் குக்கரிலேயே வைத்து அரைத்துவிடலாம். மிக்ஸியில் அரைப்பவர்கள் நன்றாக ஆறவிட்டு, ஜாரில் பாதிக்கு மேல் போகாமல் அரையுங்கள். சூடான கூழை அடைத்து அரைத்தால் ஆவியின் அழுத்தத்தில் மூடி எகிறி, கொதிக்கும் விழுது கையில் தெறிக்கும். சர்க்கரை சேர்ந்த சூடு தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

இரண்டாம் பாதி மூடியைத் திறந்து, ‘ஹை’யில். முழுதாகத் திறந்துவிட்டால் விழுது ‘ப்ளக் ப்ளக்’ என்று வெடித்து மேடையெல்லாம் தெறிக்கும். பாத்திரத்தின் வாய் மேல் இரண்டு மரக்கரண்டிகளைக் குறுக்கே வைத்து அவற்றின் மேல் மூடியை வையுங்கள். ஆவி நாலா பக்கமும் போகும், தெறிப்பு உள்ளேயே அடங்கும். அரை மணிக்கு ஒரு முறை கிளறி, சுவரில் ஒட்டியதை வழித்து உள்ளே தள்ளுங்கள். இதற்கு 2 மணி நேரமும் ஆகலாம், 4 மணி நேரமும் ஆகலாம். பழத்தில் எவ்வளவு சாறு, பாத்திரத்தின் வாய் எவ்வளவு அகலம் என்பதைப் பொறுத்தது. ‘மொத்தம் 10 மணி நேரம்’ என்று முடித்துவிடும் குறிப்புகளை நான் நம்புவதில்லை. கடிகாரத்துக்கு உங்கள் ஆப்பிளைத் தெரியாது.

கேள்வி: பதம் வந்துவிட்டதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சூடாக இருக்கும்போது நீர்த்துத்தானே தெரிகிறது?

பதில்: ஆமாம், ஆறினால் இன்னும் இறுகும். அதனால் சூட்டில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. தொடங்கும்போதே ஒரு சின்ன வெள்ளைத் தட்டை ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். பதம் நெருங்கியதாகத் தோன்றும்போது அதில் ஒரு ஸ்பூன் விழுதை வைத்து, ஒரு நிமிடம் தொடாமல் விட்டு, குனிந்து ஓரத்தைப் பாருங்கள். விழுதைச் சுற்றி மெல்லிய நீர் வளையம் பிரிந்து நின்றால் இன்னும் தண்ணீர் இருக்கிறது, குக்கர் ஓடட்டும். வளையம் இல்லாமல் குவியல் வைத்தபடி நின்றால் பதம். தட்டு வெள்ளையாக இருந்தால்தான் அந்த வளையம் கண்ணில் படும்.

கரண்டியால் நடுவில் ஒரு கோடு இழுத்து, கோடு உடனே மூடிக்கொள்கிறதா என்று பார்ப்பவர்களும் உண்டு. அதுவும் சரிதான். ஆனால் எனக்குத் தட்டு சொல்லும் பதிலில்தான் நம்பிக்கை.

கேள்வி: எந்த ஆப்பிள் நல்லது? தோலோடு போடலாமா?

பதில்: ஒரே வகையில் செய்யாதீர்கள். பாதி புளிப்பு, பாதி இனிப்பு. புளிப்புக்கு கிரானி ஸ்மித், இனிப்புக்கு கோல்டன் டெலிஷியஸ், ஃபியூஜி, காலா எது கிடைத்தாலும் சரி. மெக்கின்டாஷ் கிடைத்தால் விடாதீர்கள், அது சீக்கிரம் கரைந்து குழைந்துவிடும். வெறும் இனிப்புப் பழத்தில் செய்தால் கடைசியில் தித்திப்பு மட்டும் நின்று, ஆப்பிளின் சுவை எங்கே என்று தேட வேண்டியிருக்கும். புளிப்பு வகை கிடைக்கவில்லை என்றால் 3 கிலோவுக்கு இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. சுருங்கிய பழம், ஒரு பக்கம் அடிபட்ட பழம் எல்லாம் இதற்கு உகந்தவை, அடிபட்ட இடத்தைச் செதுக்கிவிட்டால் போதும். பூஞ்சை பிடித்த பழம் மட்டும் வேண்டாம், வெட்டிப் போட்டுவிட்டு மீதியைச் சேர்ப்பதும் வேண்டாம்.

தோலோடு தாராளமாகப் போடலாம். தோலில் விழுதைக் கெட்டியாக்கும் பெக்டின் அதிகம், நிறமும் கூடும். ஆனால் நன்றாக மைய அரைக்க வேண்டும், இல்லையென்றால் நாக்கில் சுருள் சுருளாகத் தட்டுப்படும். விதைகளை எடுத்தே ஆக வேண்டும். அரைபட்டால் கசக்கும், அதோடு விதையிலுள்ள அமிக்டலின் என்ற பொருள் உடைந்து சயனைடை விடக்கூடியது. ஒன்றிரண்டு விதை தவறி விழுந்ததற்குப் பயப்பட வேண்டியதில்லை.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். சர்க்கரை சேர்க்காமல் செய்தால் அவர் தாராளமாகச் சாப்பிடலாம்தானே?

பதில்: சர்க்கரை சேர்க்காமல் செய்யலாம், நன்றாகவே வரும். நான் அப்படித்தான் செய்கிறேன். ‘தாராளமாக’ என்ற சொல்லைத்தான் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தண்ணீர்தான் ஆவியாகிறது, பழத்தின் சர்க்கரை ஆவியாவதில்லை. சமைக்காத ஆப்பிளில் 100 கிராமுக்கு 10 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கிறது. பழம் பாதிக்கும் கீழே சுண்டும்போது, நீங்கள் ஒரு சிட்டிகை சேர்க்காவிட்டாலும், ஒரு ஸ்பூன் பட்டரில் அதே எடைப் பழத்தைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இனிப்பு ஏறிவிடுகிறது. ஒரு முழு ஆப்பிளைக் கடித்துச் சாப்பிட நேரம் ஆகும், வயிறும் நிறையும். அதே ஆப்பிள் பட்டராகிவிட்டால் இரண்டு ரொட்டித் துண்டுகளில் தெரியாமல் உள்ளே போய்விடும். ‘சர்க்கரை இல்லாதது’ என்று பாட்டிலில் எழுதி வைத்துவிட்டால் வீட்டில் எல்லோரும் அதை நம்பித்தான் சாப்பிடுவார்கள். அம்மாவுக்கு ஒரு தேக்கரண்டி, அதுவும் அவருடைய மருத்துவர் சொல்லும் உணவுக் கணக்குக்குள். ஆசைக்கு அது போதும்.

சர்க்கரைக்குப் பதில் தேன் சேர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு அந்தப் பட்டரைக் கொடுக்கவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய, பொட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இந்தச் சூட்டில் சாவதில்லை.

கேள்வி: பட்டை, கிராம்பு எல்லாம் முதலிலேயே போட்டேன். ஒரே மருந்து வாடை.

பதில்: கிராம்புதான். அது 10 மணி நேரம் ஊறினால் மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பட்டைத்துண்டை முழுதாக முதலிலேயே போடலாம், அரைப்பதற்கு முன் எடுத்துவிடுங்கள். தூள்கள் எல்லாம் மூடி திறந்த பிறகு, கடைசி ஒரு மணி நேரத்தில். 3 கிலோ பழத்துக்குப் பட்டைத்தூள் இரண்டு தேக்கரண்டி, ஜாதிக்காய் கால் தேக்கரண்டி, கிராம்புத்தூள் கால் தேக்கரண்டிக்கும் குறைவு. சுண்டச் சுண்ட மசாலாவும் சேர்ந்து செறிவாகும் என்பதை மறக்காதீர்கள். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம்.

கேள்வி: பாத்திரத்தின் ஓரத்தில் மட்டும் கருகிவிடுகிறது, நடுவில் ஒன்றும் ஆவதில்லை. குக்கர் பழுதா?

பதில்: பழுதில்லை. ஸ்லோ குக்கரின் மூல வடிவத்துக்கு அமெரிக்கரான இர்விங் நாக்சன் 1940இல் காப்புரிமை பெற்றார். 1971இல் ரைவல் நிறுவனம் அதை ‘க்ராக்-பாட்’ என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அடுப்புபோல அடியிலிருந்து மட்டும் சுடாமல் பாத்திரத்தைச் சுற்றிச் சூடு கொடுப்பதுதான் அதன் அமைப்பு, இன்றும் பல மாடல்கள் அப்படித்தான். அதனால் விழுது கெட்டியாகக் கெட்டியாக, சுவரை ஒட்டிய பகுதி முதலில் காயும். முதல் பாதியில் கிளறவே தேவையில்லை. திறந்து வைத்த பிறகு சுவரை வழிப்பதுதான் முக்கியம், கடைசி ஒரு மணி நேரத்தில் கால் மணிக்கு ஒரு முறை.

ஓரத்தில் பழுப்பானதெல்லாம் கருகியது என்று நினைத்துவிட வேண்டாம். பழத்தின் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மணிக்கணக்கான சூட்டில் சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது, மணமும் அங்கிருந்துதான் வருகிறது. நாக்கில் வைத்துப் பாருங்கள். கசப்பில்லை என்றால் உள்ளே கலந்துவிடுங்கள். கருப்பாகி முறுகியிருந்தால் மட்டும் சுவரிலேயே விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஸ்லோ குக்கர் இல்லை. பிரஷர் குக்கரில் செய்யலாமா?

பதில்: வேகவைக்க மட்டும். சுண்டவைக்க அடிகனமான, அகல வாய்ப் பாத்திரம், சிறு தீ, பக்கத்தில் நீங்கள். அலுமினியப் பாத்திரம் வேண்டாம், பழத்தின் புளிப்பு அதோடு வினைபுரிந்து சுவை கெடும். ஓவன் இருந்தால் அரைத்த விழுதை அகலத் தட்டில் பரப்பி 120 டிகிரி செல்சியஸில் வைத்து அவ்வப்போது கிளறலாம்.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்கலாம்? வெளியே வைக்கலாமா?

பதில்: சும்மா பாட்டிலில் ஊற்றி மூடி வெளியே வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் இரண்டு மூன்று வாரம், சர்க்கரை சேர்க்காதது இரண்டு வாரத்துக்குள். ஈரக் கரண்டி போடக் கூடாது, மேலே பூஞ்சை தெரிந்தால் முழு பாட்டிலையும் கொட்டிவிட வேண்டும். ஃப்ரீசரில் ஒரு வருடம் வரை நிற்கும். உறையும்போது விரியும் என்பதால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள்.

வெளியே அலமாரியில் வைக்க வேண்டுமென்றால் பதப்படுத்தும் வேலைக்கென்றே செய்த கண்ணாடி பாட்டில், புது மூடி. அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். கொதிக்கும் விழுதை, மேலே கால் அங்குலம் விட்டு நிரப்பி, காற்றுக் குமிழ்களைக் கிளறி எடுத்து, விளிம்பைத் துடைத்து மூடி, பாட்டில் முழுகும் கொதிநீரில் 10 நிமிடம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் இன்னும் 5 நிமிடம் கூட்டுங்கள், அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். இந்த முறையில் நம்மைக் காப்பது ஆப்பிளின் புளிப்பு. அதன் பிஎச் (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடுதல்) பொதுவாக 4க்குக் கீழே இருக்கும், பொட்டுலிசம் கிருமி 4.6க்குக் கீழே வளராது. அதனால்தான் எலுமிச்சைச் சாற்றைக் குறைக்காதீர்கள் என்கிறேன். பூசணி, வாழைப்பழம் என்று புளிப்பில்லாததைக் கலந்து செய்தால் இந்தக் கணக்கு செல்லாது, அதை ஃப்ரிட்ஜிலோ ஃப்ரீசரிலோதான் வைக்க வேண்டும்.

ஆறிய பிறகு மூடியின் நடுவை விரலால் அழுத்திப் பாருங்கள். அமுங்கி எழும்பினால் மூடி காற்றுப் புகாதபடி அடைபடவில்லை, அந்த பாட்டில் நேராக ஃப்ரிட்ஜுக்கு.