செவ்வெறும்புக்கு பசை எங்கருந்து வருது?

கேள்வி: பாஸ்டர், எங்க மாமரத்துல செவ்வெறும்பு இலைய ஒட்டி கூடு கட்டிருக்கு. பசை எப்டி வருது? – ஒரு சகோதரி, ராயபுரம்

பதில்: பசை இல்ல சிஸ்டர், பட்டு நூல். பெரிய எறும்புங்க ஒன்னோட இடுப்ப ஒன்னு கவ்வி, நம்ம காசிமேட்டுல வலை இழுக்குற மாதிரி இலைய இழுத்து புடிக்கும், ஆனா அதுங்களுக்கு நூல் வராது, அதனால கூட்டுல இருக்குற குட்டிப் புழுவ, அதாவது எறும்போட குஞ்ச, வாயில தூக்கினு வந்து இலை ஓரத்துல இந்தாண்ட அந்தாண்ட ஆட்டும், நூல் அந்தப் புழு வாயிலருந்துதான் வருது. காலே இல்லாத புழு! பலவீனமா தெரியுற அவயவந்தான் ரொம்ப வேணும்னு 1 கொரிந்தியர் 12:22ல பவுல் எழுதுறாரே, அத படிச்சா எனக்கு இதான் ஞாபகம் வரும். நம்ம சபைல சண்டே ஸ்கூல் பசங்கள கிறிஸ்மஸ் டான்ஸுக்கு மட்டும்தான கூப்புடுறோம்? மாங்கா பறிக்கிறப்ப பாத்து, இந்த எறும்பு கடிச்ச எடத்துல ஆசிட் பீச்சும், செமயா எரியும்.